நடந்தால் மட்டும் போதுமா? சர்க்கரை நோயும் தசை வலுவும்



ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேராக நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களை இன்று எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். பெரும்பாலோர் மருத்துவர் சொல்லி நடக்கத் தொடங்கியவர்கள். நடப்பது இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மனதுக்கும் நல்லது. அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் ஓராண்டு விடாமல் நடந்தும் சிலருக்குச் சர்க்கரை எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை. இன்னும் சிலர் நன்றாக நடப்பார்கள். அறுபது வயதைத் தாண்டியதும் தரையில் உட்கார்ந்தால் கையைப் பிடித்துத் தூக்கிவிட ஆள் தேவைப்படுகிறது.

இந்த இரண்டு குறைகளுக்கும் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் நம் வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒன்று, தசை வலுக் குறைவு. வலுப்பயிற்சி என்றாலே ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் வேலை என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அது யாருக்கு அதிகம் தேவை என்றால், நாற்பதைத் தாண்டிய நமக்கும், நம் வீட்டுப் பெண்களுக்கும், வயதான பெற்றோருக்கும்தான். ஏன் என்பதையும், வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதையும் இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

சாப்பிட்ட சோறு எங்கே போகிறது?

ஆரோக்கியமான ஒருவரின் உடலில் ஓடும் மொத்த இரத்தத்திலும், வெறும் வயிற்றில், சுமார் 4 கிராம் சர்க்கரைதான் கரைந்திருக்கும். ஒரு தேக்கரண்டி அளவு. மதியம் ஒரு தட்டில் 300 கிராம் சோறு சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அது செரித்துச் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. 4 கிராம் இருக்க வேண்டிய இடத்துக்கு அடுத்த சில மணி நேரத்தில் 80 கிராம் வந்து சேர்கிறது என்றால், அதை உடனுக்குடன் எடுத்து வேறெங்கோ வைத்தாக வேண்டும்.

எடுத்து வைக்க முக்கியமான இடங்கள் இரண்டு. ஒன்று கல்லீரல். அதில் சுமார் 100 கிராம் அளவுக்குச் சேமிக்கலாம். மற்றொன்று நம் தசைகள். ஒரு சராசரி ஆளின் தசைகளில் எல்லாம் சேர்த்துச் சுமார் 400 கிராம் வரை சேமிக்க முடியும். தொடை, பிட்டம், முதுகு ஆகிய பெரிய தசைகளே இதில் பெரும்பங்கு. இந்தக் களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின்.

அறுவடைக் காலத்தில் வண்டி வண்டியாக நெல் வந்து இறங்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். களஞ்சியம் பெரிதாகவும் காலியாகவும் இருந்தால் நெல் உள்ளே போய்விடும். களஞ்சியம் சிறியதாக இருந்து, போன ஆண்டு நெல்லும் அதில் அப்படியே கிடந்தால், புது நெல் நடுக்கூடத்தில்தான் குவியும். எத்தனை சாவி செய்து கொடுத்தாலும் நிறைந்த அறைக்குள் இடம் கிடைக்காது. டைப் 2 நீரிழிவின் தொடக்கத்தில் பலருக்கு நடப்பது ஏறத்தாழ இதுதான். உடல் இன்சுலினைச் சுரக்கிறது, சில சமயம் வழக்கத்தைவிட அதிகமாகவே சுரக்கிறது. ஆனால் தசை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது.

தசைக்குச் சுமை கொடுத்து வேலை வாங்கும்போது மூன்று நன்மைகள் நடக்கின்றன. முதலாவது, அதில் சேமித்திருந்த சர்க்கரை செலவாகி இடம் காலியாகிறது. இரண்டாவது, வேலை செய்யும் தசைக்கு இன்சுலின் இல்லாமலேயே தனியாக ஒரு வாசல் திறக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத நீரிழிவு நோயாளிக்கும் இந்த வாசல் திறக்கும். பயிற்சி முடிந்த பிறகும் ஒன்று முதல் இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகச் செவிசாய்க்கும். மூன்றாவது, மாதங்கள் செல்லச் செல்லத் தசை வளர்ந்து களஞ்சியமே பெரிதாகிறது.

ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வருவது ஏன்?

"எனக்கென்ன தொப்பையா இருக்கிறது? எனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். இதற்கு விடை சொல்லும் ஒரு புகழ்பெற்ற ஒப்பீடு 2004ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. புனே நகரத்து ஆய்வாளர் டாக்டர் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் ஆகிய இருவரும் தங்களையே அளந்து பார்த்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. அட்டவணைப்படி இருவரும் சரியான எடை. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடைக்குள் ஒருவருக்குத் தசை அதிகம், மற்றவருக்குக் கொழுப்பு அதிகம்.

இது அந்த இருவரின் கதை மட்டுமல்ல. பொதுவாக இந்தியர்களாகிய நம் உடலில் அதே எடைக்குத் தசை குறைவாகவும், கொழுப்பு அதிகமாகவும், அதிலும் வயிற்றைச் சுற்றி அதிகமாகவும் இருக்கும் போக்கு உண்டு. ஆகவே எடை பார்க்கும் இயந்திரம் சொல்லும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவைத் தாண்டினால் எச்சரிக்கை தேவை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மேலும் 13.6 கோடிப் பேர் நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். இவர்களுக்கு நோய் இன்னும் முழுதாக வரவில்லை. உணவையும் உடலுழைப்பையும் மாற்றினால் பலர் திரும்பி வரக்கூடிய இடத்தில் நிற்கிறார்கள்.

தசை சும்மா இருந்தாலும் கொழுப்பை எரிக்குமா?

வலுப்பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் பலர், "தசை வளர்ந்தால் தூங்கும்போதும் கலோரி எரியும், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்கிறார்கள். இது மிகைப்படுத்தல். ஒரு கிலோ தசை ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 13 கலோரி செலவழிக்கும். ஒரு கிலோ கொழுப்பு 4 முதல் 5 கலோரி. நீங்கள் ஓராண்டு பாடுபட்டு இரண்டு கிலோ தசை சேர்த்தாலும், ஓய்வில் கூடுதலாகச் செலவாவது ஒரு பிஸ்கட்டின் அளவுக்குக் கூட வராது. அதை நம்பி இரவில் இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டால் நஷ்டம்தான்.

ஆக, தசையின் பயன் அது அடுப்பைப் போல எரிப்பதில் இல்லை; களஞ்சியத்தைப் போல வாங்கி வைப்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எடை குறையவில்லையே என்று மனம் தளர மாட்டோம். இயந்திரத்தில் எடை அப்படியே இருக்கும். ஆனால் இடுப்புப் பட்டை ஒரு துளை தள்ளிப்போகும், சர்க்கரை இறங்கும், மாடிப்படி எளிதாகும்.

இன்னொரு எச்சரிக்கை. வேகமாக எடை குறைக்க வேண்டும் என்று சாப்பாட்டை மட்டும் வெட்டுகிறவர்களுக்குக் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. பிறகு பழையபடி சாப்பிடும்போது கொழுப்பு விரைவில் திரும்பிவிடும், தசை அவ்வளவு எளிதில் திரும்பாது. உணவைக் குறைக்கும் காலத்தில் வலுப்பயிற்சியும் செய்வது தசையைக் காப்பாற்றிக் கொள்ளும் வழி.

நடையா, வலுப்பயிற்சியா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு தெளிவான பதிலைத் தந்தது. அதன் முடிவு 2010இல் வெளியானது. உடலுழைப்பு இல்லாத, டைப் 2 நீரிழிவு உள்ள 262 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி இல்லை. ஒரு குழுவுக்கு நடை போன்ற பயிற்சி மட்டும். ஒரு குழுவுக்கு எடைப் பயிற்சி மட்டும். கடைசிக் குழுவுக்கு இரண்டும். வாரத்தில் செலவிடும் நேரம் மூன்று பயிற்சிக் குழுக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவைப் பார்த்தபோது, பயிற்சி இல்லாத குழுவோடு ஒப்பிடத் தெளிவான இறக்கம் கண்டது இரண்டையும் சேர்த்துச் செய்த குழு மட்டுமே. இறக்கத்தின் அளவு 0.34. இது மருந்துக்கு மாற்று அல்ல. ஆனால் மருந்தோடும் உணவுக் கட்டுப்பாட்டோடும் சேர்ந்து கிடைக்கும் நல்ல லாபம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடலின் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப்பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள். முதல் பாதி நம்மில் பலருக்குத் தெரியும். இரண்டாவது பாதிதான் நம் காதுக்கு வந்து சேரவில்லை.

தரையிலிருந்து எழும் வலு

முப்பது வயதுக்குப் பிறகு, பயிற்சி இல்லாதவர்களுக்குப் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்ற கணக்கில் தசை குறைந்துகொண்டே வருகிறது. அறுபதுக்கு மேல் இந்த வேகம் கூடுகிறது. இது வலிக்காது, ஸ்கேனில் யாரும் பார்ப்பதில்லை, அதனால் தெரிவதும் இல்லை. ஒரு நாள் குளியலறையில் கால் சறுக்கும்போது, நிலைப்படுத்திக்கொள்ளும் வலு காலில் இல்லை என்பது தெரிகிறது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர் ஒருவரைக் கவனித்த குடும்பத்துக்கு, அந்த ஒரு சறுக்கல் எத்தனை பேரின் வாழ்க்கையை மாற்றிவிடுகிறது என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நாளின் ஃபர்ளான தொழுகைகளில் 17 ரக்அத்துகள், 34 ஸுஜூதுகள். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று சுருக்குவது முறையல்ல. ஆனால் அதை நின்றும் குனிந்தும் நெற்றியைத் தரையில் வைத்தும் நிறைவேற்ற உடலில் வலு வேண்டும். நோயாளிக்கும் இயலாதவருக்கும் நாற்காலியில் தொழச் சலுகை இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நாற்காலிக்குப் போனவர்களில் சிலர் மூட்டு தேய்ந்து போனதால் போகவில்லை, தொடையில் வலு குறைந்ததால் போனார்கள். குறைந்த வலுவைத் திரும்பப் பெற முடியுமா?

முடியும் என்பதற்கு 1990இல் வெளியான ஓர் ஆய்வு சாட்சி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த, 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முழுதாக முடித்தார்கள். அவர்களுடைய தொடைத் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பு இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இருவர் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார்கள். தொண்ணூறு வயதில் இது நடக்கும் என்றால், ஐம்பதிலும் அறுபதிலும் "இனிமேல் என்ன" என்று சொல்ல நமக்குக் காரணம் இல்லை.

முட்டி வலி இருப்பவர்கள் பயிற்சியே கூடாது என்று நினைக்கிறார்கள். மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பதே தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியைத்தான். சுற்றியுள்ள தசை வலுவானால் மூட்டின் மேல் விழும் சுமை குறைந்து வலியும் குறைகிறது. எந்த அளவில் தொடங்குவது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு சிறு சோதனை: கை இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவ நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சகோதரிகளின் கவனத்துக்கு

வீட்டு வேலை செய்கிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். வீட்டு வேலை உடலை அசைய வைக்கிறது, களைப்பும் தருகிறது. ஆனால் தினமும் அதே எடைக் குடம், அதே பாத்திரம். தசை அந்தச் சுமைக்கு எப்போதோ பழகிவிட்டது. சுமை மெல்ல மெல்லக் கூடினால்தான் தசை வளரும். நடைக்கும் தொழுகைக்கும் இதே விதிதான் பொருந்தும்.

எடை தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடும் என்ற அச்சம் வேண்டாம். அதற்குரிய ஆண் ஹார்மோன் பெண்ணுடலில் மிகக் குறைவு. பெண்களுக்கு வலுப்பயிற்சியால் கூடுதலாகக் கிடைக்கும் நன்மை எலும்பு உறுதி. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். தசை எலும்பை இழுக்கும்போதுதான் எலும்புக்கு உறுதியாக இருக்க வேண்டிய தேவை ஏற்படுகிறது. கருவுற்ற காலத்தில் சர்க்கரை வந்து போன சகோதரிகளுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஜிம்முக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கீழே உள்ள அனைத்தையும் வீட்டு அறையிலோ மொட்டை மாடியிலோ செய்யலாம்.

வீட்டில் செய்ய ஆறு பயிற்சிகள்

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டுச் செய்யுங்கள். திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 முறை. ஒன்றிரண்டு நிமிடம் இளைப்பாறி மறுபடி ஒரு சுற்று. மொத்தம் 25 நிமிடம் போதும். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் இடத்திலேயே நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

1. உட்கார்ந்து எழுதல்: நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருங்கள். எளிதானதும் நெஞ்சோடு ஒரு பை அரிசியை அணைத்துக்கொண்டு செய்யுங்கள். நம் முன்னோர் செய்த பஸ்கி இதன் அடுத்த படி.

2. சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி மார்பைச் சுவருக்கு அருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். பழகியதும் மேசை விளிம்பில், பிறகு தரையில் தண்டால்.

3. பை இழுத்தல்: ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மறு கையால் பையை இடுப்பு வரை இழுத்து இறக்குங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கிலோ; அதிலிருந்து தொடங்கலாம்.

4. இடுப்பு உயர்த்துதல்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி இரண்டு விநாடி நிறுத்தி இறக்குங்கள்.

5. குதிகால் உயர்த்துதல்: சமையல் மேடையையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, முன்பாதத்தில் எழும்பி மெதுவாக இறங்குங்கள்.

6. சுமந்து நடத்தல்: இரண்டு கைகளிலும் சம எடையுள்ள பைகளைப் பிடித்து, நிமிர்ந்து, கூடத்தில் ஒரு நிமிடம் நடங்கள். கைப்பிடி வலு கூடும்.

கைப்பிடி வலுவுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு இருப்பதை இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் காட்டியது. பிடி 5 கிலோ குறைந்த நிலையில் மரண வாய்ப்பு 16 சதவீதம் அதிகமாக இருந்தது. பிடி மட்டும் ஆயுளை நீட்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. உடல் முழுவதும் உள்ள வலுவைக் காட்டும் கண்ணாடி அது.

முக்கியமான விதி ஒன்றே. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். ஆனால் முறை தவறக் கூடாது. 12 முறையும் எளிதாகிவிட்டால் சுமையைச் சிறிது கூட்டுங்கள். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள்.

வலுவுக்கு ஏற்ற உணவு

பயிற்சி செய்தும் புரதம் போதாவிட்டால் தசை வளராது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்பது முதியோர் மருத்துவ நிபுணர்களின் கருத்து. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்குச் சுமார் 60 முதல் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம். மீன், பருப்பு, தயிர், பாசிப்பயறு எல்லாம் நல்லவை.

நம் வீடுகளில் கறி இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமையும் விருந்திலும் மொத்தமாகவும், மற்ற நாள்களில் காலையில் வெறும் இட்லி, இரவில் வெறும் கஞ்சி என்றும் போய்விடுகிறது. பற்கள் இல்லாத பெரியவர்கள் கறியை ஒதுக்கிவிட்டுச் சோற்றையும் ரசத்தையும் மட்டும் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு முட்டை, மீன், மசித்த பருப்பு, தயிர் என ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் கொடுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஜிம்முக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விரைவில் உடம்பு ஏற வேண்டும் என்று யாராவது ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்காதீர்கள். இதயத்தையும் கல்லீரலையும் பிள்ளை பெறும் தகுதியையும் அது பாதிக்கும்.

யார் கவனமாகத் தொடங்க வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவை இருப்பவர்கள் மருத்துவரின் அனுமதி பெற்றே தொடங்க வேண்டும். சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் கண் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சைப் பிடித்துப் பெரிய எடை தூக்குவது அவர்களுக்கு ஆபத்து. பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள் காலணி அணிந்து செய்து, முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் தாழ்சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சர்க்கரை கலந்த நீரைக் குடியுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் எதுவானாலும் தொடராதீர்கள்.

ரமளானில் பயிற்சியை முழுதாக விட்டுவிட வேண்டாம். ஒரு மாதம் விட்டால் சேர்த்த வலு குறையத் தொடங்கும். நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சுமையைக் குறைத்துச் செய்யலாம். அஸருக்குப் பிந்தைய நேரம் நீரிழிவு நோயாளிகளுக்குக் கடின உழைப்புக்கு ஏற்றதல்ல. நீண்ட தராவீஹ் தொழுபவர்கள் அதையும் அன்றைய உடலுழைப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டுதலே கூறுகிறது. மருந்தின் அளவையும் நேரத்தையும் ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

குடும்பமாகப் பேசிச் செய்ய

இந்த வாரம் ஒரு நாள் இரவு உணவுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இவற்றைப் பேசுங்கள்.

• நம் வீட்டில் யாருக்குச் சர்க்கரை இருக்கிறது? முப்பதைத் தாண்டியும் பரிசோதனையே செய்யாதவர் யார்?

• வாப்பா, உம்மா இருவரும் தரையில் உட்கார்ந்து யார் உதவியும் இல்லாமல் எழுகிறார்களா?

• ஐந்து முறை எழுந்து நிற்கும் சோதனையில் ஒவ்வொருவருக்கும் எத்தனை விநாடி ஆனது? அதை இன்றைய தேதியோடு நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

• வாரத்தில் எந்த இரண்டு நாள், எந்த நேரம் எல்லோருக்கும் ஒத்துவரும்?

வயதானவர்களைத் தனியாகச் செய்யச் சொன்னால் இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள். மகனோ மகளோ பேரப்பிள்ளையோ பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னால் தொடர்வார்கள். தண்ணீர் பாட்டில், அரிசிப் பை, ஒரு நாற்காலி இருந்தால் போதும். செலவு எதுவும் இல்லை. எட்டு வாரம் கழித்து அதே நாற்காலியில் அதே சோதனையை மறுபடி செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்து, முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நம் பங்கு, இன்ஷா அல்லாஹ், வாரத்தில் அந்த இரண்டு நாளைத் தவறவிடாமல் இருப்பது.